மூன்று என்றான் பூனை

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பிழைக்கிறவள் நான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கிளட்சை மெதுவாக விடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், இண்டிகேட்டர் போட்டுவிட்டுத் திரும்புங்கள் என்று காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை இதே பாட்டுத்தான். தொண்டைத் தண்ணீர் வற்றினாலும் எனக்குச் சலித்ததில்லை. ஆனால் என் தம்பியை எலும்பு வார்டில் சேர்த்த பிறகு ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாயே வலித்துவிட்டது. "அவனுக்கு அந்த ஊசி வேண்டாம்." இவ்வளவுதான் வாக்கியம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தம்பிக்கு வீட்டில் பூனை என்று பெயர். சின்ன வயதில் மதில், மாடி, மரம் என்று எங்கிருந்து விழுந்தாலும் காலை ஊன்றி நின்றுவிடுவான். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். இந்தத் தடவை ஏணி வழுக்கி லிஃப்ட் குழிக்குள் விழுந்தபோதும் பழக்கதோஷத்தில் காலைத்தான் ஊன்றியிருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. வீக்கம் வடிந்த பிறகுதான் கம்பி வைக்க முடியும் என்று சொல்லி, மாவுக்கட்டுப் போட்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

ஊசி ஏன் வேண்டாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அந்த வார்டில் நான் சொன்னதைவிடச் சுருக்கமாக. சில வருஷங்களுக்கு முன்னால் அவனுக்கு முதுகில் அடிபட்டது. ஒரு டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அபின் வகையைச் சேர்ந்தது, இந்த ஊசியும் அதே வகைதான். முதுகு சரியாகிவிட்டது, மாத்திரை அவனை விடவில்லை. இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்தான். வேலை போயிற்று. ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் மோட்டார் அறையில் சுருண்டு கிடந்தவனை நான்தான் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். அதை விட்ட நாட்களில் அவன் வியர்த்ததையும் நடுங்கியதையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மீண்டு வந்து மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டான். "அந்தக் கதவை இன்னொரு தடவை திறந்தா என்னால மூட முடியாதுக்கா" என்று அப்போது ஒரு முறை சொன்னான். சாதாரணமாக அவன் என்னை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவான். அக்கா என்று கூப்பிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அந்த வார்டில் எல்லாவற்றுக்கும் நம்பர்தான். நர்ஸ் வந்து பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பாள். சொன்ன நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். ஆறுக்கு மேலே போனால், நர்ஸ்களின் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிற திரையில் அந்தக் கட்டிலுக்கான கட்டம் சிவப்பாகிவிடும். மருந்து கொடுத்து நம்பர் இறங்கினால்தான் பச்சை. சிவப்பு நீண்ட நேரம் நின்றால் தலைமை நர்ஸ் வந்து ஏன் என்று கேட்பார். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. கத்துகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆஸ்பத்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பூனை மாதிரி ஓர் ஆள் வந்து படுப்பான் என்று அந்தத் திரையை வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

சேர்ந்த அன்று மத்தியானம் "எட்டு" என்றான். கண்ணாடி போட்ட நர்ஸ் உடனே ட்ரேயோடு வந்து நின்றாள். சின்ன வயது, முகத்தில் அக்கறை தெரிந்தது.

"அது வேண்டாம் சிஸ்டர். சாதா மாத்திரை போதும்."

"சாதா மாத்திரை எட்டுக்குக் கேக்காது சார்."

"கேக்கற வரைக்கும் கேக்கட்டும்."

"அலர்ஜியா?"

"இல்ல. ரொம்ப நல்லா ஒத்துக்கும். அதான் பிரச்சனை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸுக்கு வரவில்லை. "அலர்ஜின்னா கம்ப்யூட்டர்ல போட இடம் இருக்கு சார். வேண்டாம்னு சொன்னா அதுக்கு இடமே இல்ல. அலர்ஜின்னு போட்டுடட்டுமா?"

"பொய் எதுக்கு சிஸ்டர்? வேண்டாம்னே போடுங்க."

"எங்க போடறது?"

நான் அவளை ஓரமாகக் கூட்டிப்போய்க் கதை முழுவதையும் சொன்னேன். ஓரம் என்ன ஓரம், கட்டிலுக்குக் கட்டில் நடுவே ஒரு திரைச்சீலைதான். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு உடைந்து படுத்திருந்த பெரியவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கேட்டார். நர்ஸ் பாவம் என்று உச்சுக்கொட்டினாள். எல்லாரிடமும் சொல்லி வைக்கிறேன் என்றாள். சாயங்காலம் அவள் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனபோது அந்த வாக்கும் அவளோடு வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்து வந்த நர்ஸ் ட்ரேயோடு வந்தாள். ஆரம்பத்திலிருந்து கதை. விடிந்ததும் இன்னொருத்தி, மறுபடி கதை. காலை அசைக்கச் சொல்லித்தர வந்தவர், "ஊசி போட்டுக்கிட்டா எக்சர்சைஸ் ஈஸியா இருக்குமே" என்றார். அவருக்கும் கதை. படுக்கை விரிப்பு மாற்ற வந்த அம்மா, "வாங்கிக்கோப்பா, அவங்க என்ன உன் கையிலயா காசு கேக்கறாங்க" என்றார். அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, "தம்பிக்கு அது ஆகாதும்மா, பழைய பழக்கம்" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி விளக்கினார். பூனை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு மருந்து வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதன் தன் மானத்தை வேளாவேளைக்கு விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வேண்டும் என்று சொல்கிறவனை யாராவது ஏன் என்று கேட்டார்களா?

காலையில் எலும்பு டாக்டர் வந்தார்.

"வலியைப் பொறுத்துக்கறதுல ஒரு பெருமையும் இல்ல. யாரும் மெடல் தரப் போறதில்ல."

"மெடல் வேணாம் டாக்டர். ஊசியும் வேணாம்."

"இங்க அளவாத்தான் குடுப்போம். பழக்கம் ஆகாது." பூனையிடம் பேசி முடித்ததுபோல என் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"அவனுக்குக் காதுல அடிபடல டாக்டர். நீங்க சொன்னது அவனுக்குக் கேட்டுச்சு" என்றேன்.

டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். நான் ஒன்றும் வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனால் உடம்பு அவனுடையது. அந்த மாத்திரையோடு குடும்பம் நடத்திப் பார்த்தவனும் அவன்தான். இதையும் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிறகு என் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்கும் மாற்றுத்துணியுமாக வந்து சேர்ந்தார். வந்தவர் அதை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். "மனுஷன் இப்படித் துடிக்கறான். ஒரு ஊசிதானே. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பிடிவாதம், உங்க வம்சமே இப்படித்தான்" என்றார். வம்சத்தை இழுத்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். அவர் வெளியே போகவும் அடுத்த ட்ரே உள்ளே வரவும் சரியாக இருந்தது. புது நர்ஸ், புது முகம், அதே கேள்வி. "எட்டுன்னு போட்டிருக்கே, ஊசி ஏன் போட்டுக்கல?"

நாற்காலியிலேயே உட்கார்ந்து கழித்த ராத்திரி, பிய்ந்துபோகிற இடுப்பு, ஏன் வரவில்லை என்று கேட்ட மாணவர்களின் போன்கள், எல்லாம் சேர்ந்து என் தலைக்கேறியது. நர்ஸிடம் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் பூனை பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோயேன்டா. ஒரு ஊசியில ஒண்ணும் ஆயிடாது. சொல்லிச் சொல்லி எனக்கு உயிர் போகுது."

கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"சரி. நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றான்.

போனேன். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். படபடப்பு வந்தால் இல்லாத இடத்திலும் என் வலது கால் அதைத் தேடி அழுத்தும். கேன்டீன் மேஜைக்கு அடியில் அழுத்திக்கொண்டே டீயைக் குடித்தேன். திரும்பி வந்தபோது திரையில் அவன் கட்டம் பச்சையாக இருந்தது.

"போட்டுட்டீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்ல மேடம். இப்பக் கேட்டேன், மூணுன்னு சொல்றார். குறைஞ்சிடுச்சாம்" என்றாள் நர்ஸ்.

எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ட்ரே வரவில்லை. தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் போனார். மத்தியானம் கேட்டபோதும் மூன்று, அதற்குப் பிறகும் மூன்று. எட்டாக இருந்தது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மூன்றாகுமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். நம்ப வசதியாக இருந்தது, நம்பினேன். நாற்காலியில் சாய்ந்து நன்றாகத் தூங்கவும் தூங்கினேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவன் குரல் கேட்டு விழித்தேன்.

"அக்கா, போர்வை கால்ல படுது. கொஞ்சம் எடுத்துடறியா, ப்ளீஸ்."

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் ப்ளீஸ் சொன்னதில்லை. அக்காவும் ப்ளீஸும் ஒன்றாக வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து போர்வையை எடுத்தேன். ஏசி ஓடுகிற அறையில் அவன் நெற்றியும் கழுத்தும் நனைந்திருந்தன. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. பெருவிரலை லேசாகத் தொட்டேன். தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தத்தை விழுங்கினான்.

"எவ்வளவுடா?"

"மூணு."

"டேய்."

"மூணுதான்க்கா."

"பூனை, என்னைப் பாத்து சொல்லு. எவ்வளவு?"

கண்ணை மூடிக்கொண்டான். "பத்து இருக்கும். ஏறிக்கிட்டே இருக்கு. கட்டுக்குள்ள கால் வெடிக்கற மாதிரி இருக்கு. விரலெல்லாம் மரத்துப் போச்சு."

"அப்புறம் எதுக்குடா மூணுன்னு சொல்லிக்கிட்டிருந்த?"

"மூணுன்னா யாரும் வர்றதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "உனக்கும் உயிர் போகுதுன்னு சொன்னியே."

அலர்ஜி என்று ஒரு சின்னப் பொய் சொல்ல மாட்டேன் என்றவன். என்னால்தான் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறான். அழ நேரமில்லை, மேஜைக்கு ஓடினேன். கண்ணாடி நர்ஸ் மறுபடி டூட்டிக்கு வந்திருந்தாள்.

"சிஸ்டர், அவனுக்குப் பத்து."

"மூணுன்னுதானே இருக்கு?"

"பொய் சொல்லியிருக்கான். சீக்கிரம் வாங்க."

அவள் முதலில் கம்ப்யூட்டரில் பத்து என்று தட்டினாள். கட்டம் சிவப்பானது. இரண்டாவதாக அலமாரியைத் திறந்து ட்ரேயை எடுத்தாள். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஊசிக்காக உங்களைக் கூப்பிடல. காலைப் பாருங்க."

"பத்துன்னு சொல்றவருக்கு நான் ஒண்ணும் குடுக்காம நின்னா என்னைத்தான் மேடம் கேப்பாங்க. போட்டுட்டுப் பாக்கறேன்."

"போட்டதும் வலி அடங்கிடும், கட்டம் பச்சையாயிடும். அப்புறம் யாரு பாப்பா? முதல்ல பாருங்க சிஸ்டர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். விரல் மரத்துப் போச்சுங்கறான்."

கடைசி வார்த்தையில் அவள் நின்றாள். ட்ரேயை மேஜையிலேயே வைத்துவிட்டு என்னை முந்திக்கொண்டு நடந்தாள். பூனையின் பெருவிரலை மெதுவாக மேல்பக்கம் வளைத்தாள். சுவர் அதிர்கிற மாதிரி அலறினான். அதற்குப் பிறகு அவள் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலையணையிலிருந்து காலை இறக்கிவைத்தாள், போனை எடுத்தாள், டாக்டர் எங்கே இருந்தாலும் உடனே வரவேண்டும் என்று சொன்ன குரலில் அந்தப் பழைய கனிவெல்லாம் இல்லை. வேலை தெரிந்தவள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எலும்பு டாக்டர் வந்து, வெட்டும் கருவியால் மாவுக்கட்டை இரண்டாகப் பிளந்து, காலைத் தொட்டுப் பார்த்தார். தசைக்கு மேலே ஓர் உறை இருக்கிறதாம். உள்ளே வீங்க வீங்க அந்த உறை விரியாமல் இறுக்கி, காலுக்கு ரத்தம் போகிற வழியை அடைக்கிறது, இப்போதே கீறிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கால் தங்காது என்றார். அதைச் சொல்லிவிட்டு அவனைத் திட்டவும் செய்தார்.

"வலி ஏறுதுன்னு ஏன் சொல்லல? எங்களுக்குக் கிடைக்கற முதல் அறிகுறியே அந்த வலிதான். மூணுன்னு சொன்னா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது அவர்மேல் பாய்ந்தது. "எட்டுன்னு சொன்னானே டாக்டர். உண்மையைத்தானே சொன்னான். அதுக்கு என்ன கிடைச்சுது? ஆள் மாத்தி ஆள் வந்து ஊசி ஊசின்னு பிடுங்கினீங்க. உண்மை சொன்னா ஊசி, பொய் சொன்னா நிம்மதி. அப்ப அவன் என்னதான் பண்ணுவான்? அவனை மூணு சொல்ல வெச்சது" என்று ஆரம்பித்தவள், அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன். அதை முடித்தால் என் பேரைத்தான் சொல்ல வேண்டும். டாக்டர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பூனையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"எதோ ஒரு மருந்து உங்களுக்கு வேண்டாம்னு சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க, எது வேண்டாம்?"

"அபின் வகை எதுவும் வேண்டாம் டாக்டர். ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்."

"சரி. இடுப்புக்குக் கீழ மரக்க வெச்சுடறேன். அந்த வகையை அதுல சேர்க்க மாட்டேன். ஆபரேஷன்ல ஒண்ணும் தெரியாது. மரப்பு விட்டதும் வலிக்கும், நல்லாவே வலிக்கும். வேற மருந்தெல்லாம் வெச்சு முடிஞ்சவரைக்கும் குறைக்கறேன். முழுசாப் போகாது. சம்மதமா?"

"சம்மதம்."

"மனசு மாறினா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. நீங்களாக் கூப்பிடாத வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க."

ஏன் என்று கேட்பார், ஆனால் என்று இழுப்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் நர்ஸிடம் அகலமான வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு துண்டும் தடித்த பேனாவும் வாங்கினார். "அபின் வகை மருந்து வேண்டாம். அவரே கேட்டால் தவிர, கொடுக்கவா என்று கேட்க வேண்டாம்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கம்ப்யூட்டரில் இடம் இல்லை, இடம் இல்லை என்றார்களே, ஒரு முழப் பிளாஸ்திரியில் இத்தனை இடம் இருந்திருக்கிறது.

கால் தப்பியது. மறுநாள் காலை அவன் விரல்கள் சூடாக, அவன் சொல்கிறபடி அசைந்தன. மரப்பு விட்டிருந்தது. கண்ணாடி நர்ஸ் வந்து நின்றாள்.

"வலி எவ்வளவு சார்?"

பூனை முதலில் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எட்டு" என்றான்.

அவள் தட்டினாள். கட்டம் சிவப்பானது. தலைமாட்டுப் பிளாஸ்திரியை ஒரு முறை பார்த்தாள். "சரி சார்" என்று சொல்லி, சாதா மாத்திரையைக் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். சிவப்பைப் பார்த்துத் தலைமை நர்ஸ் வந்தார், பிளாஸ்திரியைப் படித்தார், அவரும் போனார். பக்கத்துக் கட்டில் பெரியவர் விளக்கம் சொல்ல வாய் திறந்தார். கேட்க ஆளில்லை.

வலி போய்விடவில்லை. பூனை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பார்க்க முடியவில்லை. ஒண்ணே ஒண்ணு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, பொய் சொல்வானேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"டிரைவரம்மா."

"என்னடா?"

"எட்டு."

"கேட்டுச்சு."

"சும்மா, சொல்லணும்போல இருந்துச்சு."

"சொல்லு. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லு."

காலை முழுவதும் சொன்னான். எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு. ஒவ்வொரு தடவையும் சரி என்றேன். மத்தியானம் ஏழு என்றான். பெருவிரலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.